தத்ரூபம்: போன்றதும் தானானதும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உலக வழக்கில் மிகவும் பழகிப்போன சொற்கள் சில, அப்பழக்கத்தாலேயே தம் உட்பொருளை மறைத்துக்கொண்டிருக்கும். 'தத்ரூபம்' என்னும் சொல் அத்தகையது. ஓவியன் ஒருவன் ஒரு முகத்தை எழுதிக் காட்டினால், 'தத்ரூபமாக இருக்கிறது' என்று வியக்கிறோம். மெழுகினால் செய்த பிரதிமையைக் கண்டாலும், நாடகமேடையில் அரசன் வேடம் பூண்டவனைக் கண்டாலும், பேரன் ஒருவன் பாட்டனாரைப் போலவே நடந்து வருவதைக் கண்டாலும் இச்சொல்லே நம் வாயில் வருகிறது. இவ்விடங்களிலெல்லாம், 'உயிருள்ள ஒன்றை உள்ளபடியே ஒத்திருப்பது' என்பது இதன் பொருள்.

இச்சொல்லை நாம் ஸந்நிதிகளிலும் வழங்குகிறோம். 'இன்று பெருமாள் தத்ரூபமாக நேரில் நிற்பதுபோல் ஸேவை ஸாதித்தார்' என்கிறோம். கடல் கடந்த தேசங்களில் எழுந்தருளப்பண்ணியிருக்கும் ஸ்ரீநிவாஸனை ஸேவித்தவர்கள், 'திருமலையில் உள்ளபடியே தத்ரூபம்' என்று நெஞ்சுருகுகிறார்கள். அவர்கள் சொல்லில் அன்பு இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லினுள்ளே ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. 'ஒத்திருக்கிறது' என்றால், ஒக்கப்படுகிற பொருள் வேறோரிடத்தில் இருக்கிறது என்றாகுமன்றோ? அப்படியாகில் நம் கண்ணெதிரே திருவிளக்கின் ஒளியில் எழுந்தருளியிருப்பவன் யார்? அவனைப் போன்ற ஒன்றா, அவன்தானா?

இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே நம் திருவாராதனமும், நாம் செய்யும் தண்டனும், நம் கண்ணீரும் பொருளுடையவையாகவோ பொருளற்றவையாகவோ ஆகும். ஆகையால் இச்சொல்லைப் பூர்வர்கள் காட்டிய வழியிலே சற்று ஆராய்ந்து அநுபவிப்போம்.

பதப்பொருள்

தத் என்றால் 'அது'. ரூபம் என்றால் 'வடிவு'. இவ்விரண்டும் கூடியது தத்ரூபம். உலகியலில் 'அது' என்பது முன்னே கண்ட ஏதேனும் ஒரு பொருளைச் சுட்டும். ஓவியத்தைப் பற்றிச் சொன்னால், ஓவியத்துக்கு மூலமான மனிதனைச் சுட்டும். ஆனால் வேதாந்தத்திலே 'தத்' என்னும் சொல்லுக்குத் தனியானதோர் ஏற்றம் உண்டு. சாந்தோக்யத்தில் உத்தாலகர் தம் குமாரனான சுவேதகேதுவுக்கு உபதேசித்த வாக்யத்தில், ஜகத்காரணமான பரப்ரஹ்மத்தைச் சுட்டுவது இச்சொல்லே. ஸ்ரீகீதையில் பதினேழாம் அத்யாயத்தில் கண்ணன், ப்ரஹ்மத்தைக் குறிக்கும் மூன்று சொற்களில் ஒன்றாக இதை எடுத்தான். ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்திலோ இது திருநாமமாகவே அமைந்திருக்கிறது. 'யத்' என்னும் திருநாமத்தை அடுத்து 'தத்' என்பதும் ஓதப்படுகிறது.

ஆக, ஸ்ரீவைஷ்ணவன் நாவில் 'தத்ரூபம்' என்று வந்தால், அதற்கு இரண்டு பொருள் கூடும். ஒன்று, 'அதைப் போன்ற வடிவு' என்னும் உலகப் பொருள். மற்றொன்று, 'அவனுடைய வடிவு' என்னும் வேதாந்தப் பொருள். முதலாவதில் இரண்டு பொருள்கள் உண்டு. அவற்றிடையே ஓர் ஒப்புமை உண்டு. இரண்டாவதில் பொருள் ஒன்றே; ஒப்புமைக்கு அங்கு இடமில்லை.

அலங்கார சாஸ்த்ரத்தாரும் இவ்வேறுபாட்டை அறிந்தவர்களே. 'சந்திரன் போன்ற முகம்' என்றால் உவமை; 'முகமாகிய சந்திரன்' என்றால் உருவகம். உருவகத்தையும் அவர்கள் இரண்டாகப் பகுத்தார்கள். 'இது அதுவே' என்று பேதம் தோன்றாமல் சொல்வது அபேத ரூபகம். 'இது மற்றுமொரு சந்திரன்' என்று அதன் தன்மையை ஏற்றிச் சொல்வது தாத்ரூப்ய ரூபகம். அப்பய்ய தீக்ஷிதரின் குவலயாநந்தத்தில் இப்பகுப்பைக் காணலாம். எவ்வளவு நெருங்கினாலும் தாத்ரூப்யத்தில் 'மற்றொன்று' என்னும் எண்ணம் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பது இதனால் தேறுகிறது. கவிகளுக்கு அது அழகு. ஸந்நிதியில் நிற்கும் அடியவனுக்கு அது போதுமா என்பதே நம் கேள்வி.

வஞ்சிக்கும் ஒப்புமை

வடிவொப்புமை மட்டும் இருந்து, வடிவுக்கு உரியவன் இல்லையாகில் என்னாகும் என்பதை இதிஹாஸ புராணங்கள் நன்கு காட்டியிருக்கின்றன.

ஸ்ரீராமாயணத்தில் யுத்த காண்டம். அசோகவனத்தில் தனித்திருக்கும் பிராட்டியைக் கலங்கப்பண்ண நினைத்த ராவணன், வித்யுஜ்ஜிஹ்வன் என்னும் மாயாவியைக்கொண்டு சக்ரவர்த்தித் திருமகனுடைய திருமுடியையும் வில்லையும் போலே இரண்டைச் செய்வித்து, அவள் முன்னே வைத்தான். கண்ணும், முகநிறமும், குழலும், சூடாமணியும் ஒன்றுவிடாமல் பொருந்தியிருந்தன. பெருமாளை அவளைக்காட்டிலும் அறிந்தவர் யார்? அவளே கண்டு கதறினாள் என்றால் அவ்வொப்புமை எத்தகையது என்று நினைக்கவேணும். உலகத்தார் சொல்லும் தத்ரூபத்துக்கு இதனினும் மேலான எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் ராவணன் அவ்விடம் விட்டு அகன்றவுடனே தலையும் வில்லும் மறைந்துபோயின. பிறகு ஸரமை வந்து, அது மாயை என்றும், பெருமாள் நலமே எழுந்தருளியிருக்கிறார் என்றும் சொல்லித் தேற்றினாள். செய்தவன் இருக்குமளவே நிற்பது அந்த ஒப்புமை.

இரண்டாவது, பௌண்ட்ரகன் கதை. ஸ்ரீவிஷ்ணு புராணத்திலும் ஸ்ரீபாகவதத்திலும் வருவது. கரூஷ தேசத்தரசனான இவன், 'நானே வாஸுதேவன்' என்று கண்ணனுக்குத் தூதனுப்பினான். சொன்னதோடு நில்லாமல் சங்கு, சக்கரம், கதை, வில், ஸ்ரீவத்ஸம், கௌஸ்துபம், வனமாலை, பீதகவாடை, கருடக்கொடி ஆகிய அனைத்தையும் செய்து அணிந்துகொண்டான். எதிரே வந்து நின்ற அவனைக் கண்டு கண்ணன், கூத்தாடுமிடத்தில் வேஷம் கட்டி நிற்பவனைக் கண்டாற்போலே சிரித்தான் என்கிறார் சுகர். அடையாளங்களில் ஒன்றும் குறையவில்லை; அடையாளங்களுக்கு உடையவனே குறைந்தான்.

இவ்விடத்தில் மற்றொன்றும் நெஞ்சில் படவேணும். பகையாலேயாகிலும் கண்ணனுடைய வடிவையே இடைவிடாது நினைத்து, அவ்வடிவையே தரித்துத் திரிந்தமையால் பௌண்ட்ரகன் கட்டு நீங்கப்பெற்றான் என்று ஸ்ரீபாகவதம் முடிக்கிறது. பொய்யாக ஏறிட்டுக்கொண்ட ரூபத்துக்கே இப்பெருமை உண்டாகில், அன்பாலே பற்றும் ரூபத்துக்கு என்ன சொல்வது?

பட்டர் கண்ட குறை

ஒப்புமையின் எல்லையைக் காட்டும் ஓர் ஐதிஹ்யம் ஸ்ரீரங்கத்தில் உண்டு. நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலம் சாற்றிக்கொண்டு எழுந்தருளியிருந்தபோது, ஸ்ரீபராசர பட்டர் ஸேவிக்க வந்தாராம். தாம் நாச்சியாரைப் போலே இருக்கிறோமா என்று நம்பெருமாள் அவரைக் கேட்டருள, பட்டரும் திருமுடி தொடங்கித் திருவடியளவும் நோக்கி, மற்றெல்லாம் பொருந்தியிருக்கிறது, திருக்கண்ணோக்கம் மட்டும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் செய்தாராம்.

பட்டர் பெருமாளுக்கும் பிராட்டிக்கும் பிள்ளையாக அபிமானிக்கப்பட்டவர். பிள்ளை தாயின் முகத்தைக் கண்ணாலேயன்றோ அறிவது? ஸர்வேச்வரனுடைய நோக்கில் ஸ்வாதந்த்ர்யம் கலந்திருக்கும். குற்றம் கண்டால் தண்டிக்கவும் வல்லது அந்நோக்கு. பிராட்டியின் நோக்கு அருள் ஒன்றே வடிவானது. ஆகவே ஸர்வசக்தனே பிராட்டியின் திருக்கோலம் பூண்டாலும், அங்கே 'போல' என்னும் சொல் விலகவில்லை. ஆடையாபரணங்களால் வருவது ஒப்புமை; நோக்காலே வெளிப்படுவது தன்மை. 'தத்ரூபம்' என்று ஒன்றைக் கொண்டாடுமுன், அதன் கண்ணைப் பார்க்கவேணும் என்று பட்டர் நமக்குக் கற்பித்தருளினார்.

அன்பினால் வரும் ஒப்புமை

வஞ்சனையால் வரும் ஒப்புமையைக் கண்டோம். திருக்கோலத்தால் வருவதையும் கண்டோம். இவற்றின் வேறாக, ப்ரேமத்தாலே வருவது ஒன்று உண்டு. பூர்வர்கள் அதை அநுகாரம் என்பர்.

கண்ணன் மறைந்தபோது திருவாய்ப்பாடிப் பெண்கள் அவன் செய்த லீலைகளைத் தாங்களே செய்து காட்டினார்கள். ஒருத்தி பூதனையாக, ஒருத்தி கண்ணனானாள்; ஒருத்தி மலையெடுத்தாள்; ஒருத்தி காளியன் தலைமேல் ஆடினாள். பிரிவாற்றாமையில் உயிர் தரித்திருக்கைக்கு அவர்களுக்குக் கிடைத்த உபாயம் அதுவே. திருவாய்மொழியில் ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியிலே நம்மாழ்வாருக்கும் இந்நிலை வந்தது. பராங்குச நாயகியானவள், உலகைப் படைத்தவளும் இடந்தவளும் உண்டவளும் தானே என்று எம்பெருமான் பேச்சாகப் பேசுகிறாள். அதைக் கேட்ட தாயார், எம்பெருமான்தான் இவள்மேல் வந்து ஆவேசித்தானோ என்று ஐயுறுகிறாள். கேட்பவர்க்குப் பேதம் தெரியாதபடி ஆன அநுகாரம் அது.

ஆண்டாள் விஷயத்தில் இது இன்னும் ஓர் படி ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூரே திருவாய்ப்பாடியாகவும், வடபெருங்கோயிலே நந்தகோபர் திருமாளிகையாகவும், வடபத்ரசாயியே கண்ணனாகவும், தானும் தோழியரும் ஆய்ப்பெண்களாகவும் பாவித்து நோன்பு நோற்றாள். அப்பாவனை முற்றி, நடையும் பேச்சும் ஆய்ப்பெண்களுடையதாகி, திருமேனியில் பால் தயிர் நெய்களின் வாசனையும் உண்டாயிற்று என்று வ்யாக்யாதாக்கள் ஈடுபடுவர். நடையையும் பேச்சையும் நடிப்பவர் நடிக்கலாம். வாசனையை நடிக்க முடியாது. அன்பு முற்றினவிடத்தில் 'போல' என்பது 'ஆக' என்றாகிவிடும் என்பதற்கு ஆண்டாளே ப்ரமாணம்.

தெருவில் கீறிய திருமேனி

இனி முன் எடுத்த கேள்விக்கு வருவோம். அர்ச்சாவதாரம் ஒப்புமையா, தானா?

பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் நாற்பத்துநான்காம் பாசுரத்தில் இதற்கு விடை அருளிச்செய்துவிட்டார். அடியார்கள் எவ்வுருவை உகக்கிறார்களோ, எம்பெருமான் அவ்வுருவமே தனக்கு உருவமாகக் கொள்கிறான். அவர்கள் எப்பெயரை இடுகிறார்களோ அதுவே அவன் பெயர். எவ்வகையில் இடைவிடாது சிந்திக்கிறார்களோ அவ்வகையிலேயே அவன் இருக்கிறான் என்பது அதன் திரண்ட பொருள். இங்கே ஆழ்வார், அவ்வுருவம் அவனை ஒத்திருக்கும் என்று சொல்லவில்லை. அவ்வுருவமே அவனுடையது என்கிறார். 'தத்ரூபம்' என்னும் சொல்லின் வேதாந்தப் பொருளைத் தமிழால் விரித்தபடி இது.

இப்பாசுரத்தோடு சேர்த்துப் பெரியோர்கள் அருளிச்செய்யும் ஐதிஹ்யம் ஒன்று. எம்பெருமானார் மாதுகரத்துக்குத் திருவீதியிலே எழுந்தருளுகையில், மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுபிள்ளைகள் சிலர், காலாலே தரையில் ஒரு வடிவைக் கீறி, 'இதோ உம்முடைய பெருமாள், ஸேவித்துக்கொள்ளும்' என்று காட்டினார்கள். உடையவர் பாத்திரத்தைக் கீழே வைத்து, அம்மண்ணிலே விழுந்து தண்டன் ஸமர்ப்பித்தார்.

இதைச் சற்று நின்று அநுஸந்திக்கவேணும். அந்தக் கீறலில் கண் எது, கை எது என்று தெரிந்திருக்குமோ? சிற்ப சாஸ்த்ர அளவு இருந்ததோ? உலகத்தார் சொல்லும் தத்ரூபத்துக்கு அது எத்தனை தூரம்! ஆயினும் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த மஹாசார்யர் அங்கே விழுந்தார். பிள்ளைகளின் மனத்தைக் குளிர்விக்கைக்காக அன்று. அப்பிள்ளைகள் உகந்து 'பெருமாள்' என்றார்கள். அவர்கள் உகந்தபடியே அவன் அவ்வுருவை ஏற்றிருப்பான் என்னும் விச்வாஸத்தால் விழுந்தார். ராவணன் செய்வித்த தலையில் ஒப்புமை முற்றும் இருந்தது; பெருமாள் அங்கில்லை. ஸ்ரீரங்கத்துத் தெருமண்ணில் ஒப்புமை ஏதுமில்லை. எம்பெருமானார் திருவுள்ளத்தால் பெருமாள் அங்கே இருந்தான். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்கு வேறு விடை தேடவேண்டுவதில்லை.

அப்படியாகில் சிற்ப சாஸ்த்ரமும் ஆகமமும் எதற்கு என்னில், அவையும் மனிதவடிவை ஒத்துச் செய்கைக்காக ஏற்பட்டவையல்ல. எம்பெருமான் திருவுருவுக்கு விதித்த உத்தம தசதாலம் என்னும் அளவில் 124 அங்குலம். அவ்வளவு உயிருடன் இருந்த எந்த மனிதனைப் பார்த்தும் எடுத்ததன்று. த்யான ச்லோகங்களில் ஓதிய திருமேனியை நெஞ்சில் நிறுத்தி ஸ்தபதி வடிப்பது. வடித்தபின்பு ஜலாதிவாஸம், தான்யாதிவாஸம், சயனாதிவாஸம், நயனோன்மீலனம், ப்ராணப்ரதிஷ்டை என்று கிரமமாக நடக்கும். அதன்பின் அவ்விக்ரஹத்தைக் குறித்து 'இது கல், இது செம்பு' என்று மூலப்பொருளை நினைப்பது, உபாதான ஸ்ம்ருதி என்னும் பெரும்பிழை என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் கடிந்தருளினார். 'நன்றாகச் செதுக்கியிருக்கிறான்' என்னும் பாராட்டும் ஸந்நிதியிலே அப்பிழையின் வாசலில் கொண்டு நிறுத்தக்கூடும். பாராட்டுகிறவன் சிற்பியின் கைத்திறனைக் காண்கிறான். ஸேவிக்கிறவன் எம்பெருமானைக் காண்கிறான்.

அதே ஸ்ரீவசனபூஷணத்தில் மற்றொரு உபகாரமும் உண்டு. தாகித்தவனுக்குப் பூமியின் உள்ளே ஓடும் நீரும், அண்டத்துக்கு வெளியே உள்ள ஆவரண நீரும், பாற்கடலும், பெருகி ஓடிப்போன ஆறும் உதவாது. அவ்வாறு விட்டுப்போன மடுவே உதவும். அந்தர்யாமி, பரம், வ்யூஹம், விபவம் என்னும் நான்கையும் அந்நான்கு நீர்களாகவும், அர்ச்சையை மடுவாகவும் காட்டினார். இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மடுவில் கிடப்பது ஆற்று நீரைப் போன்ற நீரன்று, ஆற்று நீரேதான்.

மூன்று திருமேனிகள்

ஆசார்யர்கள் விஷயத்திலும் இதை நம் ஸம்ப்ரதாயம் அழகாகச் சொற்களிலே வைத்திருக்கிறது. எம்பெருமானார் (1017–1137) திருமேனிகள் மூன்று. திருநாராயணபுரத்தில் எழுந்தருளியிருப்பது தமர் உகந்த திருமேனி. ஸ்ரீபெரும்பூதூரில் தான் உகந்த திருமேனி. ஸ்ரீரங்கத்தில் தான் ஆன திருமேனி. பெயரிட்ட பெரியோர்கள் எதற்கும் 'போன்ற திருமேனி' என்று பெயரிடவில்லை.

திருநாராயணபுரத்திலிருந்து அவர் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளத் திருவுள்ளமானபோது, பிரிவு தாங்கமாட்டாத அங்குள்ள சிஷ்யர்களுக்காகத் தம் திருமேனியை ஆலிங்கனம் பண்ணி அளித்தருளினார். வடிவு பொருந்தியதால் அவர்கள் தேறவில்லை. அணைத்துத் தந்ததால் தேறினார்கள். ஸ்ரீரங்கத்தில் ஆண்டுக்கு இருமுறை பச்சைக்கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும் உடையவரை ஸேவிப்பவர்கள், 'தத்ரூபமாக உட்கார்ந்திருக்கிறாரே' என்று வியப்பது உண்டு. அங்கே ஸம்ப்ரதாயம் கொடுத்த சொல் 'தானான' என்பது. தத்ரூபம் என்னும் வடசொல்லுக்கு இதைவிட ஆழமான தமிழ் கிடைப்பது அரிது.

இன்னும் வியப்பானது ஆழ்வார்திருநகரியில் உள்ள பவிஷ்யதாசார்யர் திருமேனி. எம்பெருமானார் திருவவதரிப்பதற்கு முன்பே, நம்மாழ்வார் அருளாலே, மதுரகவியாழ்வாருக்குத் தாமிரபரணி நீரைக் காய்ச்சியபோது கிடைத்தது என்பது ஐதிஹ்யம். மூலம் முன்னே, பிரதி பின்னே என்பது உலக முறை. இங்கே திருமேனி முன்னே வந்து, திருவவதாரம் பின்னே வந்தது. எதைப் பார்த்து எது செய்யப்பட்டது என்னும் கேள்வியே இங்கு எழ வழியில்லை.

ஸ்வாமி வேதாந்த தேசிகன் (1268–1369) விஷயமாகத் திருவஹீந்த்ரபுரத்தில் வழங்கும் ஐதிஹ்யமும் இதற்குச் சேரும். ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்னும் விருதை ஏற்க மனமில்லாத சிற்பி ஒருவன், 'உம்மைத் தத்ரூபமாக நீரே வடித்துக் காட்டும்' என்று வேண்டினான். அவரும் வடித்தார். தான் செய்த பீடத்தில் அது அமையாமற்போகவே, சிற்பி பீடத்தைத் திருத்தாமல் திருமேனியைச் செதுக்கத் தொடங்க, ஸ்வாமியின் திருமேனியில் உதிரம் கசிந்ததாம். அவன் கேட்டது 'போன்றது'. அவனுக்குக் கிடைத்தது 'தானானது'. அளவு தவறியது தன் பீடத்திலே என்று அப்போது அறிந்தான். திருமேனியில் குறை காண்கிறவர்கள் யாவரும், தாங்கள் இட்ட பீடத்தை ஒருமுறை அளந்து பார்க்கக்கடவர்கள்.

நம் நாளைய ஐயங்கள்

அமெரிக்க தேசத்தில் பிட்ஸ்பர்கில் 1976இல் திருவேங்கடமுடையானுக்குத் திருக்கோயில் எழுந்தது. அதன்பின் எத்தனையோ தேசங்களில், எத்தனையோ ஊர்களில் அவன் எழுந்தருளியிருக்கிறான். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரைக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: 'உண்மையான பெருமாள் திருமலையில் இருக்கிறார், இங்கே இருப்பது அவருடைய நகல்தானே?' பெற்றோர்கள் பலர், 'ஆம், ஆனாலும் தத்ரூபம்' என்று விடை சொல்லிவிடுகிறார்கள். அன்போடு சொன்னாலும் அவ்விடையால் அப்பிள்ளை இழப்பது பெரிது. தான் வாரந்தோறும் கைகூப்புவது ஒரு நகலை என்று அது நெஞ்சில் பதித்துக்கொள்கிறது.

சொல்லவேண்டிய விடை வேறு. ஸ்வயம்வ்யக்தம், தைவம், ஆர்ஷம், மாநுஷம் என்று அர்ச்சாஸ்தலங்களைப் பகுத்தது, அங்கே அவன் எழுந்தருளிய வகையைக் காட்டுகைக்காக. அவன் ஓரிடத்தில் முழுதாகவும் மற்றோரிடத்தில் அரையாகவும் இருக்கிறான் என்பதற்காக அன்று. திருமலையில் தானாக வந்து நின்றான்; உங்கள் ஊரில் நீங்கள் அழைக்க வந்து நின்றான். திருமேனியின் சாயல் திருமலையில் உள்ளபடியே அமைந்தால் அது நம் கண்ணுக்கு உகப்பு. சாயல் சற்று வேறாக அமைந்தாலும் அவன் இருப்பில் அணுவளவும் குறைவில்லை. அர்ச்சகர் நீராட்டினால் நீராடி, அமுது செய்வித்தால் அமுது செய்து, கண்வளரப்பண்ணினால் கண்வளர்ந்து, அர்ச்சக பராதீனனாக அந்தக் குளிர்தேசத்திலே நமக்காக நிற்கிறானே, அந்த ஸௌலப்யத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவேணும்.

மற்றோர் ஐயம் திரைகளைப் பற்றியது. இந்நாளில் கணினிகொண்டு எம்பெருமான் கண் சிமிட்டுவதாகவும், புன்முறுவல் செய்வதாகவும், ஆழ்வார்கள் வாய்திறந்து பேசுவதாகவும் படங்கள் உண்டாக்கிக் கைபேசிகளில் அனுப்புகிறார்கள். 'எவ்வளவு தத்ரூபம்!' என்று பலரும் மகிழ்கிறார்கள். படங்களை நாம் இகழவேண்டுவதில்லை. கண்டவுடன் அவனை நினைப்பூட்டுமாகில் அதுவும் உபகாரமே. ஸ்ரீமந் நாதமுனிகள், வேட்டைக்கு வந்த அரசன் பரிவாரத்தில் வில்லாளிகளையும் ஒரு பெண்ணையும் ஒரு குரங்கையும் பற்றித் தம் திருமகள் சொல்லக் கேட்டு, அவர்களைப் பெருமாளும் இளையபெருமாளும் பிராட்டியும் திருவடியுமாகவே கொண்டு பின்தொடர்ந்து சென்று, அவ்வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்று குருபரம்பரை சொல்கிறது. சிறிய ஒப்புமையும் அவர்க்குப் பெருவழியாயிற்று.

ஆனால் அவருக்கு வழியானது அவர் நெஞ்சில் நிறைந்திருந்த பெருமாள். நெஞ்சு வெறுமையாக இருக்க, அசையும் படத்தின் வியப்பில் கண் நின்றுவிட்டால், மறுநாள் ஸந்நிதியில் அசையாமல் நிற்கும் அர்ச்சை நமக்குச் சப்பென்று தோன்றிவிடும். அதுவே இதில் உள்ள ஆபத்து. பேசாதே நிற்கிற மௌனம் அவன் ஏற்றுக்கொண்ட அர்ச்சா ஸமாதி. நம்மோடு இருக்கைக்காகத் தன் ஸ்வாதந்த்ர்யத்தை மறைத்துக்கொண்ட விரதம் அது. அம்மௌனத்தை ஒரு குறையாகக் கருதி நாம் வேறொரு வாயைப் படத்தில் ஒட்டிக் கொடுக்கவேண்டுவதில்லை.

ஏறுவதும் இறங்குவதும்

முடிவாக ஒன்று. நாமும் ஒருநாள் தத்ரூபமாகப் போகிறவர்கள். முக்தன் எம்பெருமானோடு பரம ஸாம்யத்தைப் பெறுகிறான் என்று முண்டகோபநிஷத் ஓதுகிறது. தன்னோடு ஸாதர்ம்யம் பெற்றவர்களைப் பற்றிக் கீதையின் பதினான்காம் அத்யாயம் சொல்கிறது. அங்கும் ப்ரஹ்மஸூத்ரத்தின் கடைசிப் பாதம் ஓர் எல்லை கட்டுகிறது. ஜகத்தைப் படைத்தளித்தழிக்கும் வ்யாபாரம் அவனுக்கே உரியது. போகத்தில் மட்டுமே முக்தனுக்கு ஸாம்யம். திருமாமகள் கேள்வனாகை முதலான அவனுடைய தனிப்பெருமைகள் அவனிடமே நிற்கும். அதாவது, ஜீவன் எவ்வளவு உயர ஏறிச் சென்றாலும் அவன் பெறுவது ஒப்புமை.

எம்பெருமான் நம்மிடம் இறங்கி வரும்போதோ இவ்வெல்லையை வைத்துக்கொள்வதில்லை. தன்னைப் போன்ற ஒன்றை அனுப்பி, 'இதைக்கொண்டு தேறியிருங்கள்' என்று அவன் சொல்லவில்லை. நாம் உகந்த வடிவில், நாம் இட்ட பெயரில், நாம் கட்டிய சிறு அறையில், தானே வந்து அமர்கிறான். நாம் ஏறினால் 'போல'. அவன் இறங்கினால் 'தானே'. அவனுடைய வாத்ஸல்யத்துக்கும் ஸௌலப்யத்துக்கும் இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஆகையால் இனி ஸந்நிதியில் 'தத்ரூபம்' என்னும் சொல் நம் வாயில் வருமாகில் அதை விலக்கவேண்டா. பொருளை மட்டும் மாற்றிக்கொள்வோம். 'அவனைப் போலவே இருக்கிறது' என்று எண்ணாமல், 'தத் என்னும் திருநாமமுடையவனுடைய ரூபம் இது' என்று எண்ணுவோம். வீட்டுத் திருவாராதனப் பெருமாள் கட்டைவிரலளவாக இருக்கலாம். தேய்ந்து முகம் தெரியாத ஸாளக்ராமமாக இருக்கலாம். நாளைக் காலையில் திருமஞ்சனம் ஸமர்ப்பிக்கும்போது, 'நகல்' என்னும் நினைவு ஒரு கணமும் குறுக்கிடாமல் இருக்கும்படி எம்பெருமானார் திருவடிகளில் விண்ணப்பம் செய்துகொள்வோம். தெருமண்ணில் விழுந்த அந்தத் திருமேனி, நமக்கும் அந்த விச்வாஸத்தைத் தந்தருளும்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்